சிலம்பும் சப்பாத்தும்

பனிச்சை என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் உடையது. ஒரு பொருளில் அது மரம். அதன் காயைப் பிழிந்த துவர்ச்சாற்றை மீன்வலைகளுக்கு ஊட்டி அவற்றை உரமாக்குதல் பழைய வழக்கம். மற்றொரு பொருளில் அது மகளிர் கூந்தலை ஐவகையாக முடிக்கும் ஐம்பாலுள் ஒன்று. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லுங் கடற்கரை வீதியிலே, வாகரைக்குத் தெற்கே களப்பைக் கடக்குமிடத்தில் அமைந்த பனிச்சங்கேணி தன் பெயரிற் கொண்டிருப்பது மரமாதலே இயல்பு. வலையை நம்பி வாழும் ஊர்க்கு அது தக்க பெயருமாம். எனினும், பெண்ணின் தலைக்கோலத்துக்கு ஐந்து பெயர் வகுத்த மொழி அவள் காலிற்கு என்ன வகுத்தது என்னும் வினாவை அவ்வூர்ப் பெயர் எழுப்பாது விடுவதில்லை.

காலிற்கு அணிகள் பல வகுத்தது. சிலம்பு, தண்டை, பாடகம், பீலி, மெட்டி, ஈழத்து வழக்கிற் காலாழி எனப் பெயர்கள் விரியும். செம்பஞ்சுக்குழம்பும் மருதோன்றியும் அடிக்கு நிறம் ஊட்டின. காலை மூடுதற்கென்று பெண்ணுக்கு உரியதாய் ஒரு பெயரேனும் பழந்தமிழில் வழங்கியதாகத் தோன்றவில்லை. சங்கப் புலவர் பாதுகாப்பான காலணியை அறியாதவரல்லர். தொடுதோல் என்றும் அடிபுதை அரணம் என்றும் அவர் குறிப்பன செருப்பையே. பெரும்பாணாற்றுப்படையில் அரணம் பூண்டு வழிச் செல்வோர் வணிகர். செருப்பு அழுத்திய வடுவோடு நிற்பவன் ஆயன். தொழிலின் பொருட்டு நடக்கும் ஆடவனுக்கே அது உரியதாய் நின்றது.

பக்தி இலக்கியமும் இதனின் வேறுபடவில்லை. பரதன் சிரமேற் கொண்டது இராமனின் பாதுகை. வேதாந்த தேசிகர் வடமொழியில் ஆயிரத்தின் மேற்பட்ட சுலோகங்களாற் போற்றியது திருவரங்கன் பாதுகை. தோலாற் செய்த செருப்பும் கோயிலினுட் புகுந்து தூய்மை பெற்ற ஓரிடம் உண்டு. காளத்தியில் இறைவன் கண்ணிருக்கும் இடம் தெரிதற்காகக் கண்ணப்பர் செருப்புக்காலை ஊன்றிய வரலாற்றைச் சேக்கிழார் பாடினார். அவர்க்கு முன்னரே மணிவாசகர் நினைந்து உருகினார். செருப்பைத் தீட்டென ஒதுக்கும் மரபிலே அன்பின் மிகுதியால் அச்செருப்பு அருச்சனைப் பொருளாயிற்று. ஆயினும் கண்ணப்பரும் ஆடவரே. காட்டுக்குச் சென்ற சீதையின் காலில் என்ன இருந்தது என்று கேட்பார் அரியர்.

பெண்ணின் அடியைப் புலவர் பாடாது விட்டாரோ எனின், அளவிறந்து பாடினர். அனிச்சப்பூவும் அன்னத்தின் இறகும் தலைவியின் அடிக்கு நெருஞ்சிப் பழமாகும் என்று வள்ளுவர் 1120ஆங் குறளில் கூறுவர். நயம் மிக்க கற்பனை, ஐயமில்லை. ஆயின் அக்கற்பனையைச் சற்றே உலகியலோடு பொருத்தி நோக்கின் ஒரு முரண் தோன்றும். பூவும் முள்ளாகும் அடிக்கு ஒரு தோற்கவசம் வேண்டும் என்று பாடிய புலவர் ஒருவரும் இலர். மென்மையைப் பாடுதலே போதுமாயிற்று; அம்மென்மையைக் காத்தல் கவிதையின் கருத்தன்று. நடவாத கால் அழகிய கால் என்னும் எண்ணம் இதன் அடியிற் கிடக்கின்றது. இவ்வெண்ணம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போர் காண்பர்.

நடவாத காலை நெடுவழி நடக்க வைத்துப் பார்த்த தமிழ்க் காப்பியம் ஒன்றே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகாரை நீங்கிச் சிறிது தூரம் சென்றவுடனே மதுரை எங்குள்ளது என வினவுகின்றாள். முப்பது காதம் எனக் கூறாது, ஆறும் ஐந்துமாகிய சொற்களுக்குள் அத்தொலைவை ஒளித்துக் கோவலன் விடை கூறுவதில், சிரிப்பும் இரக்கமும் கலந்துள. பின்னர்ப் பாண்டி நாட்டுப் பரற்கற்களின் வெம்மையை அவள் சிற்றடி பொறாது என்று கருதி இரவிலே நிலவொளியில் வழிநடக்க முடிவு செய்கின்றனர். ஈண்டும் செருப்பு நினைவுக்கு வரவில்லை. பகலை விடுத்து இரவைக் கொள்ளுதலே வழியாயிற்று. பெண்ணின் காலுக்காக ஞாயிற்றை ஒதுக்குவர், காலணியை நாடார்.

இக்காப்பியத்தில் ஊன்றி நோக்கத்தக்கது மற்றொன்று. நூலுக்குப் பெயர் தந்த சிலம்பு, கதை முறுகும் இடமெங்கும் கண்ணகியின் காலில் இல்லை. கோவலன் மாதவிபாற் சென்ற நாளிலேயே அவள் அடி சிலம்பை ஒழிந்தது. அவன் மீண்டபோது பெட்டியிலிருந்தும், மதுரையில் அவன் கையிலும், பின்பு அரசன் அவையில் அவள் கையிலுமாகவே அது தோன்றுகின்றது. அழகுக்காகச் செய்யப்பட்ட காலணி முதலிற் பொருளாகவும், பின் சான்றாகவும் மாறுகின்றது. உடைத்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தபோது அணிகலன் என்ற பெயரே அதற்குப் பொருந்தாதாயிற்று.

இவ்விடத்தில் மேனாட்டுக் கதையொன்றை அருகில் வைத்து நோக்குதல் பயனுடைத்து. சார்ள் பெரோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1697இல் வெளியிட்ட தொகுதியிலுள்ள சின்டரெல்லா கதையை அறியாத மாணவர் இலர். கண்ணாடிச் சப்பாத்தில் ஒன்று அரண்மனையில் தவறிவிடுகின்றது. அஃது யார் காலுக்குப் பொருந்தும் எனத் தேடிவந்தோர் முன்னிலையில் அவள் தன் சட்டைப்பையிலிருந்து மற்றை ஒன்றை எடுத்து அணிகின்றாள். இணையில் ஒன்று அரசிடத்தும் ஒன்று பெண்ணிடத்தும் இருப்பதும், அவள் தன்னிடத்துள்ளதைக் காட்டித் தன்னை நிறுவுவதும் இரு கதைக்கும் பொது. இத்துணை ஒப்புமை இருந்தும் முடிபுகள் எதிரெதிர்த் திசையிற் செல்கின்றன. அங்கே பொருந்துதலே வெற்றி. இங்கே உடைதலே வெற்றி. சின்டரெல்லா தன் கால் அளவினால் அரசியாகின்றாள். கண்ணகி கால் அளவைப் பற்றி எவரும் வினவவில்லை. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்பதே வழக்கு. புறத்து வடிவு ஒரு கதையை முடிக்க, அகத்துப் பொருள் மற்றதை முடித்தது.

சின்டரெல்லாவுக்கு மூத்தோரும் உளர். ஒரு பெண்ணின் செருப்பைக் கழுகு கவர்ந்து எகிப்திய மன்னன் மடியில் இட்ட கதையைக் கிரேக்கப் புவியியலார் இஸ்திராபோ உரைத்தார். சீனத்தில் ஒன்பதாம் நூற்றாண்டினராகிய துவான் செங்ஷி எழுதிவைத்த யெ சியன் கதையிலே பொற்சப்பாத்து ஒருவர் காலுக்கும் பொருந்தாத அளவு சிறியது. கிரிம் உடன்பிறந்தார் 1812இல் பதிப்பித்த யேர்மனிய வடிவமோ கொடிது. மாற்றாந்தாயின் மகளிருள் ஒருத்தி பெருவிரலையும் மற்றொருத்தி குதியையும் அரிந்துகொண்டு சப்பாத்தினுள்ளே காலை நுழைக்கின்றனர். குழந்தைக் கதை என்று கூறப்படினும் மேனாட்டுக் காலணி வரலாற்றை இதனினும் சுருங்கச் சொன்ன நூல் வேறில்லை.

சீனத்தில் அது கதையளவில் நிற்கவில்லை. யெ சியன் கதை எழுதப்பட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் தொடங்கியதாகக் கருதப்படும் காற்கட்டு வழக்கம், சிறுமியரின் விரல்களை உள்ளங்காலின் கீழ் மடக்கிக் கட்டி, மூன்றங்குல அடியை இலட்சியமாக்கிற்று. அவ்வடிக்குப் பொற்றாமரை என்று பெயர். மதுரைக் கோயிற் குளத்துக்கும் அதுவே பெயராதல் தமிழர் செவிக்கு ஒரு துன்பமான தற்செயல். 1902இல் மஞ்சு அரசும் 1912இல் குடியரசும் தடை விதித்த பின்னரும் அது உடனே மறையவில்லை. ஆண்ட மஞ்சு இனத்துப் பெண்டிர் தம் கால்களைக் கட்டியவரல்லர். ஆயினும் நடுவில் உயர்ந்த கட்டை பதித்த சப்பாத்துகளை அணிந்து, காற்கட்டுடையாரின் தள்ளாடும் நடையை ஒத்து நடந்தனர். ஆளப்பட்டோரின் ஊனம் ஆண்டோர்க்கு நாகரிகமாயிற்று. நடைப்பாணி எவ்வழியாகப் பரவும் என்பதற்கு இதுவே போதிய உதாரணம்.

ஐரோப்பாவில், வெனிசு நகரத்துச் செல்வப் பெண்டிர் பதினாறாம் நூற்றாண்டில் அணிந்த கட்டைச் சப்பாத்துகளுட் சில அரை மீற்றரை அணுகின. தோழியர் தோளைப் பற்றாது அவற்றில் நடத்தல் அரிது. அம்லெற் நாடகத்தில் இதனைச் சேக்சுபியர் நகையாகக் குறிப்பர். குதி உயர்ந்த சப்பாத்தோ முதலில் ஆடவர்க்கு உரியது. குதிரைமேல் அங்கவடியிற் கால் வழுவாதிருத்தற்குப் பாரசீக வீரர் கொண்ட குதியை ஐரோப்பியப் பிரபுக்கள் மேற்கொண்டனர். பதினான்காம் லூயி மன்னன் செங்குதிச் சப்பாத்தை அவையோர்க்குரிய விருதாக்கினான். பயன் கருதி எழுந்த பொருள் பெருமையாகி, ஆடவர் அதனைக் கைவிட்டபின் பெண்டிர்க்கு இலக்கணமாயிற்று. 1950களில், உருக்குத் தண்டின் வலிமையால் ஊசிபோல் மெலிந்த குதியை உடைய சப்பாத்து பாரிசில் தியோர் நிலையத்துக்காக றொஜர் விவியே போன்றோரால் உருவாயிற்று. அதன் முனை மரத்தளங்களைக் குழிவிழச் செய்தமையால் பல கட்டடங்களில் அதற்குத் தடையும் எழுந்தது. தரைக்கு நேர்ந்த தீங்கு உடனே கண்ணிற்பட்டது. காலுக்கு நேர்ந்தது பட நெடுநாளாயிற்று.

ஈழத்தில் இப்பொருள் வந்த வழியைச் சொற்களே காட்டும். சப்பாத்து போர்த்துக்கேயச் சொல். காலுறைக்கு வழங்கும் மேசு என்பதும் அவர்கள் தந்ததே. அவர்கள் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டிப் பத்து ஆண்டுகளில் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிற்று, சொல் நிலைத்தது. 1660இல் கொட்டியாற்றுக் குடாவிலே, பனிச்சங்கேணிக்கு வடக்கேயுள்ள அதே கரையோரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், கண்டியரசில் ஆணும் பெண்ணும் சப்பாத்தும் மேசும் அணிவதில்லை என்றும், அது மன்னனுக்கே உரிய அரசகோலம் என்றும் 1681இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வெறுங்கால் அந்நாட்டில் எளிமையின் அடையாளமென எண்ணுவோர் இக்குறிப்பைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அது கட்டளையாகவும் இருந்தது.

கட்டளை அரசனோடு ஒழியவில்லை. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர் மேற்சாதியார் தெருவிற் செருப்பணிந்து செல்லலாகாது என்ற கொடிய வழக்கு நெடுங்காலம் நிலவிற்று. அவ்வழக்கின் கீழ் வெறுங்காலாய் நடந்த பெண்ணும், ஆலயத்தை வலம்வரும் பெண்ணும் காணுங் கண்ணுக்கு ஒரே கோலத்தினர். தமிழ்ப் பெண்ணுக்கு வெறுங்காலே அழகு, சப்பாத்து அந்நிய நாகரிகம் என்று எழுதியோர் இவ்விருவரையும் வேறு பிரித்தறிந்தாரல்லர். எழுதியோருட் பலர் சப்பாத்து அணிந்த ஆடவர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

இக்கண்டனத்தை ஊர்ப்புறத்தில் வென்றது வாதமன்று, விலை. பாட்டா நிறுவனத்தின் இறப்பர்ச் செருப்பு பரவியபின் ஈழத்தமிழில் அந்நிறுவனத்தின் பெயரே செருப்பின் பெயராயிற்று. எந்நிறுவனத்தார் செய்ததாயினும் அது 'பாட்டா'வே. களப்போரத்துச் சேற்றில் இறங்குவோரும், வேனில் மணலைக் கடந்து வீதிக்கு வருவோரும் அதனை நாகரிகம் என்று கருதி வாங்கவில்லை. கால் சுட்டது, வாங்கினர். பின்தங்கிய பகுதிப் பாடசாலை மாணவர்க்குச் சப்பாத்து வாங்க அரசாங்கம் பற்றுச்சீட்டு வழங்கும் நிலை வந்தபின், வெறுங்காலின் அழகு பற்றிய பேச்சு தானே அடங்கிற்று எனலாம். எனினும் குதி உயர்ந்த சப்பாத்து மட்டும் இன்றும் ஊரில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்கு அளவுகோலாக எடுக்கப்படுகின்றது. அதன் ஓசையைக் கேட்டே அவளை மதிப்பிடுவோர், சிலம்பின் ஓசையைப் பாடிய நூல்களைப் பாடமாகக் கற்றவராதல் வியப்பு.

பனிச்சங்கேணி வீதி கண்ட கால்கள் பலவகையின. ஆண்டுதோறும் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் வெருகல் வேலனை வணங்கி இவ்வழியே தெற்கு நோக்கி நடப்பர். அவருட் பெண்டிர் பலர். செருப்பின்றி நடத்தலை நேர்த்தியாகக் கொண்டோரும் உளர். அவ்வீதியே 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்டது. 2006ஆம் ஆண்டின் இறுதியில், போர் வாகரையைச் சூழ்ந்தபோது, பல்லாயிரம் மக்கள் காட்டுவழியாகவும் நீர்வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தனர். 2007 சனவரியில் வாகரை படையினர் வசமாயிற்று. குழந்தையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் ஏற்றி நடந்த அப்பெண்டிர்க்கு, நிலவு வரும்வரை காத்திருந்து நடக்கக் கோவலனும் கவுந்தியும் வாய்க்கவில்லை. நேர்த்திக்கு நடந்த காலும் உயிருக்கு நடந்த காலும் அதே மணலில் பதிந்தன. காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் நாடுகாண் காதைக்கு உரை கூறுமிடத்து இவ்வழியை நினைவுகூர்ந்தால் மாணவர்க்கு உரை வேறு வேண்டாம்.

மேனாட்டார் இதற்கிடையில் தம் சப்பாத்தைத் தாமே வழக்கில் நிறுத்தினர். 2015இல் இலண்டனில் வரவேற்பாளராகப் பணிக்குச் சென்ற நிக்கோலா தோர்ப் என்பார் இரண்டு முதல் நான்கு அங்குலக் குதி அணிய மறுத்தமையால் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய முறையீட்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட, 2017இல் அது பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது, சட்டம் மாறவில்லை. கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாவும் ஒன்ராறியோவும் அதே ஆண்டில் குதிச் சப்பாத்தைக் கட்டாயமாக்குதலைத் தடுத்தன. ஒன்ராறியோ கலைநிகழ்ச்சித் துறைக்கு மட்டும் விலக்களித்தது. யப்பானில் 2019இல் இசிக்காவா யூமி தொடக்கிய இயக்கம், அம்மொழியிற் சப்பாத்தைக் குறிக்கும் சொல்லும் நோவைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்திருத்தலைக் கொண்டு தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. சிலேடை வல்ல தமிழ்ப்புலவரும் அதனை மெச்சுவர். வீட்டு வாயிலிற் சப்பாத்தைக் கழற்றாது உட்புகுதலைப் பெருங்குற்றமாகக் கருதும் யப்பான், அலுவலகத்திற் பெண் அதனை நோவோடு அணிதலை ஒழுங்கெனக் கொண்டிருந்தது. வாயிலிற் கழற்றும் வழக்கத்தால் மட்டும் கீழைத்தேயம் உயர்ந்தது என்று வாதிப்போர்க்கு இது இடையூறான சான்று.

இப்பொருளில் உள்நாடும் வெளிநாடும் முற்றிலும் வேறென்று காட்டுதல் எளிது, உண்மையன்று. ஓரிடத்திற் கால் திறந்து அணியப்பட்டது; மற்றோரிடத்தில் மூடி வடிவமைக்கப்பட்டது. இரண்டிலும் அவள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைத் தீர்மானித்தோர் பிறர். ஒன்ராறியோவில் வாழும் மட்டக்களப்புக் குடும்பத்தின் மணப்பெண் இவ்விரண்டையும் ஒரே நாளில் அணிகின்றாள். மண்டப வாயில்வரை பட்டுச்சேலையின் கீழ்க் குதிச் சப்பாத்து. மணவறையில் அம்மியின்மேல் வைக்கும் அடியில் மெட்டி மட்டும். தாய்நாட்டு முதியோர் முன்னதைக் கண்டு முகஞ் சுளிப்பர். பின்னதைக் கண்டு கண் கலங்குவர். அவளுக்கு இரண்டும் அவளே கடையிற் சென்று தெரிந்தெடுத்தவை. அவ்வேறுபாடு முதியோர் கண்ணுக்கு இன்னும் புலப்படவில்லை; திறனாய்வாளர் பலர்க்கும் புலப்படவில்லை.

வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். வழக்குரை பாடப்பட்டு, சினந்த தெய்வம் குளிர்விக்கப்படும் அவ்விரவில், வாயிலுக்கு வெளியே மகளிரின் காலணிகள் குவிந்து கிடக்கும். தேய்ந்த பாட்டாவும், பாடசாலைப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்தும், கடல்கடந்து வந்த உறவினரின் குதிச் சப்பாத்தும் அங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். யாருடைய கால் எதற்குப் பொருந்தும் என்று தேடிவர அங்கு இளவரசர் எவரும் இலர். சடங்கு முடிந்தபின் இருளிற் காலால் துழாவித் தத்தம் இணையைப் பெண்டிர் தாமே கண்டுகொள்வர். ஒன்று மட்டும் அகப்பட்டவள் அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு, மற்றையதைத் தேடி இன்னொரு முறை வாயிலைச் சுற்றி வருவாள்.